பருத்தி வெளிச்சம்

பேச்சிமுத்து அந்த ஏலத்துக்குப் போனது ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கத்தான். கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்ட ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரின் சாமான்களைப் பங்களா வாசலில் பரப்பி வைத்து ஏலம் விட்டார்கள். கடிகாரத்தை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேச்சிமுத்து மதுரை சிம்மக்கல்லில் இருந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவன் கக்கத்தில் கருப்புத் தோல் ஒட்டிய ஒரு பெட்டி இருந்தது.

"என்ன மச்சான் இது, தீப்பெட்டிக்கு அண்ணன் மாதிரி?" என்று கேட்டாள் பாண்டியம்மாள். அவள் அவனுக்கு அத்தை மகள். கல்யாணத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியேதான் பின்னாலும் கூப்பிட்டாள்.

"போட்டோ பிடிக்கிற பெட்டி."

"கடிகாரம்?"

"அதை வேற ஆளு கொண்டுக்கிட்டுப் போயிட்டாரு."

பாண்டியம்மாள் பெட்டியை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே ஒன்றும் ஆடவில்லை. "இது மணி சொல்லுமா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நூல் சுற்ற உட்கார்ந்தாள். தறிக்காரர்களுக்குக் கூலிக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. சிக்கலான நூலை அவள் கையில் கொடுத்தால் போதும், பேசிக்கொண்டே பிரித்துவிடுவாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், தீபாவளி கழிந்த சமயம். பேச்சிமுத்து சிம்மக்கல்லிலிருந்து பேரையூர் போகும் பஸ்ஸுக்கு டிரைவராக இருந்தான். காலையில் கிளம்பி, திருமங்கலம், கல்லுப்பட்டி வழியாக உச்சிப்பொழுதுக்குக் கொஞ்சம் முன்னால் பேரையூர் போய்ச் சேரும். வெயில் தாழ்ந்த பிறகுதான் திரும்பும். நடுவில் கிடைக்கும் பொழுதில் கண்டக்டர் விருமாண்டி பின் சீட்டில் துண்டை விரித்துத் தூங்கிவிடுவான். பேச்சிமுத்துவுக்குப் பகலில் தூக்கம் வராது. பஸ்ஸைத் துடைப்பான், டயரைத் தட்டிப் பார்ப்பான், மறுபடியும் பஸ்ஸைத் துடைப்பான். ஒரு நாள் நிலம் அளக்க வந்த அதிகாரி ஒருவர், தன் காமிராவின் மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அவனைக் குனிந்து பார்க்கச் சொன்னார். நகக்கண் அளவு கண்ணாடிக்குள் அவனுடைய பஸ் முழுசாக நின்றது. சக்கரம், ஹாரன், மேலே கட்டியிருந்த கோழிக்கூடை வரைக்கும் எல்லாம் இருந்தன. அன்றிலிருந்து அந்தக் கண்ணாடி அவன் நினைவை விட்டுப் போகவில்லை.

முதல் பிலிம் சுருளை அவன் ஒரே மத்தியானத்தில் முடித்தான். வடக்குமாசி வீதியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்திருந்த சோணையிடம் கழுவக் கொடுத்தான். சோணை படங்களை மேஜையில் பரப்பினார். ஒன்றில் பேச்சிமுத்துவின் நிழல் மட்டும் நீளமாக விழுந்திருந்தது. இன்னொன்றில் பாதிப் படத்தை அவனுடைய விரல் மறைத்திருந்தது. பஸ்ஸுக்குக் கூரை இல்லை. விருமாண்டி கழுத்து வரைக்கும் அழகாக நின்றான்.

"இவருக்குத் தலை இருக்கும்ல?" என்று சோணை கேட்டார்.

"நல்லாவே இருக்கும்ணே."

"அப்ப ரெண்டடி தள்ளி நில்லுங்க. ரொம்பக் கிட்டப் போனா மங்கிரும். பெட்டிய வயித்தோட அணைச்சுப் பிடிங்க. தட்டுற நேரத்துல மூச்சு விடாதீங்க. பாதிப் பேரு மூச்சு விட்டுத்தான் படத்தைக் கெடுக்குறாய்ங்க."

பேச்சிமுத்து மூச்சை அடக்கப் பழகினான். பஸ் ஓட்டும்போதுகூட, மேட்டில் கியர் மாற்றுகையில் மூச்சை அடக்கிக்கொண்டான். சின்னக் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது என்பது அவனுக்கு உடனே பிடிபடவில்லை. வண்டிமாடு கண்ணாடியில் இடப்பக்கம் போனால் அவனும் பெட்டியை இடப்பக்கம் திருப்புவான். மாடு காணாமல் போய்விடும். ரோட்டின் நடுவில் குனிந்தபடி சுற்றிச் சுற்றித் திரும்பும் டிரைவரைப் பார்த்து, கல்லுப்பட்டிக் கடைவீதியே சிரித்தது.

தை பிறந்தபோது அவனுக்கு மரங்கள் வசப்பட்டன. கண்மாய்க்கரை, கோயில் மதில், ஏற்றம் இறைக்கும் கிணறு, கூரையோடு கூடிய பஸ் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஆட்கள் மட்டும் வரவில்லை. உருவம் வரும், வேட்டி வரும், கையில் இருக்கிற கம்பு கணுக்கணுவாக வரும். முகம் இருக்கவேண்டிய இடத்தில் கரி பூசியது மாதிரி இருக்கும். "நான் இம்புட்டுக் கருப்பா அண்ணே?" என்று விருமாண்டியே வருத்தப்பட்டான். பாண்டியம்மாளை வாசலில் நிறுத்தி எடுத்த படத்தில் அவளுடைய செந்தூரப் பொட்டு மையாக விழுந்திருந்தது. "நெத்தியில ஓட்டை போட்டு வச்சிருக்கீங்க" என்றாள் அவள். சிவப்பு அந்தப் பிலிமில் கருப்பாகத்தான் விழும் என்று சோணை சொல்லித்தான் தெரிந்தது.

மாசியில் முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன. சோணைக்குக் கல்யாண வீடுகளிலேயே பொழுது சரியாக இருந்தது. "நீங்களே கழுவிக்கங்க பேச்சிமுத்து, பெரிய வித்தை இல்ல" என்று இரண்டு பொட்டலம் மருந்தும் கொடுத்து, செய்முறையும் சொல்லி அனுப்பினார். ஒரு மருந்து படத்தை வெளியே கொண்டுவரும். மற்றது, ஹைப்போ, வந்த படத்தை அப்படியே நிறுத்தி வைக்கும். இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம் படக்கூடாது, சிவப்பு விளக்கு மட்டும் இருக்கலாம்.

வீட்டில் விறகு போட்டு வைக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. லீவு நாள் மத்தியானம் பேச்சிமுத்து கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, அரிக்கன் விளக்கில் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தைச் சுற்றி, உள்ளே போய்த் தாளிட்டுக்கொண்டான். வெளியே வந்தபோது அவன் கையில் பிலிம் இருந்தது, படம் இல்லை. மேல்பூச்சு பாதிக்கு மேல் உருகி வழிந்திருந்தது. வழியாத இடங்களில் எல்லாம் விரல் ரேகை.

பாண்டியம்மாள் அவன் கையை இழுத்துப் பார்த்தாள். நகக்கண் முழுக்கக் கிரீஸ். "இந்தக் கையோட என் நூலைத் தொட விட்டிருப்பேனா நான்?" என்றாள். பிறகு அண்டாவில் கை வைத்துப் பார்த்தாள். "வெயில்ல கிடந்த தண்ணி. இதுல சோறே வடிக்கலாம் போல. பானைத் தண்ணிய எடுத்தா என்னவாம்?"

அடுத்த பிலிமை அவளே கழுவினாள். மண்பானையில் குளிர்ந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பீங்கான் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டாள். பிலிமின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்து, நடுவைத் தொங்கவிட்டு, பாவு நூலைக் கஞ்சியில் தோய்க்கிற மாதிரி மேலும் கீழுமாக இழுத்தாள். பேச்சிமுத்து கதவுக்கு வெளியே குந்தியிருந்தான்.

"மச்சான், வானம் கருப்பா வருது!"

"அப்படித்தான் வரும். நீ பாட்டுக்கு ஆட்டு."

"ஒரு ஆளு வாராரு. வெள்ளையா இருக்காரு. தலைமுடி பூரா நரைச்சுப் போச்சு... அய்யய்யோ, இது விருமாண்டித் தம்பி!"

உள்ளே அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பேச்சிமுத்துவும் வெளியே இருந்து சிரித்தான்.

அதன் பிறகு பிலிம் கழுவுவது அவள் பாடு என்றாகிவிட்டது. காய்ந்த பிலிமை, வெயில் பட்டால் தானே கறுக்கும் காகிதத்தின்மேல் வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் அழுத்தி, மொட்டைமாடியில் வைப்பாள். படம் தவிட்டு நிறத்தில் மெல்ல மெல்ல ஏறி வரும். அதை ஹைப்போவில் போட்டு அலசி எடுப்பாள். பேரையூர் ரோட்டை அவள் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனாலும் அந்த ரோட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர் முக்கில் எந்த மரம் நிற்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இந்தச் சக்கரம் மாட்டுறவரு கால்ல என்ன கட்டு?" என்று கேட்பாள். பேச்சிமுத்துவுக்குத் தெரியாது. மறுநாள் விசாரித்து வந்து சொல்வான்.

பேரையூரில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் ஒச்சாயியின் வீடு இருந்தது. வயது நாற்பது இருக்கும். புருஷன் மாடு வியாபாரத்துக்காக ஊர் ஊராகப் போய்விட, கரிசல் காட்டையும் ஆட்களையும் அவள்தான் கட்டி மேய்த்தாள். ஒரு மத்தியானம் அவள் பஸ்ஸைச் சுற்றி ஒரு முறை வந்தாள். விருமாண்டி தூங்குகிறானா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

"டைவர் தம்பி, எனக்கு ஒரு போட்டோ பிடிக்கணும்."

"பிடிச்சிருவோம்க்கா. வந்து நில்லுங்க."

"இங்கிட்டு இல்ல, வீட்டுக்குள்ள. ஆரும் பாக்கக்கூடாது." அவள் முந்தானைக்குள்ளிருந்து சிவப்புக் கரை போட்ட ஒரு துணியை எடுத்தாள். "இதைத் தலைப்பாவாக் கட்டிக்கிட்டு."

பேச்சிமுத்து விழித்தான். அவள் முற்றத்துக்கு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவள் தகப்பன் காலராவில் செத்தபோது அவள் சிறுபிள்ளை. அவர் முகம் அவளுக்கு நினைவில்லை. ஆனால் ஊரில் பெரியவர்கள் யார் பார்த்தாலும், "அப்படியே ஒங்கய்யாவை உரிச்சு வச்சிருக்க" என்பார்கள்.

"எல்லாருக்கும் என் மூஞ்சியப் பாத்தா எங்கய்யா ஞாபகம் வருது. எனக்கு மட்டும் வரல. கண்ணாடியில கட்டிப் பாத்தேன் தம்பி, சிரிப்புத்தான் வருது. சிரிச்சா அது நானு. போட்டோன்னா சும்மா இருக்குமில்ல?"

பேச்சிமுத்து அவளை முற்றத்தில் வெயிலில் நிறுத்தி, மூச்சை அடக்கி, இரண்டு படம் எடுத்தான். அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தான். ஒச்சாயி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தலைப்பா நல்லா விழுந்திருக்கு. கீழ மூஞ்சி எங்க தம்பி?"

மறுபடியும் எடுத்தான். இந்த முறை கிழக்குப் பார்த்து நிற்கச் சொன்னான், தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னான். சுருளில் ஒரு படம் மிச்சம் இருந்தது. பக்கத்தில் பந்தல் நிழலில் ஒச்சாயியிடம் கூலி வேலை செய்யும் தங்கப்பொண்ணு பருத்தியில் ஒட்டிய சருகு பொறுக்கிக்கொண்டிருந்தாள். கழுவக் கொடுக்க அவசரமாக இருந்ததால் அவளை ஒன்று தட்டிவிட்டு வந்தான்.

அன்றைக்குப் பிலிமைக் கொடியில் காயப்போட்ட பாண்டியம்மாள் அதை விட்டு நகரவே இல்லை.

"மச்சான், ஒச்சாயி மதினி இந்தத் தடவையும் போச்சு. மூஞ்சி இருக்குற எடம் வெறுங்கண்ணாடியா இருக்கு, காகிதத்துல கரியாத்தான் விழும். ஆனா இங்க பாருங்க."

பேச்சிமுத்து எட்டிப் பார்த்தான். கடைசிப் படத்தில் தங்கப்பொண்ணுவின் கண், மூக்கு, தாடையில் இருந்த மரு வரைக்கும் எல்லாம் பதிந்திருந்தன.

"ரெண்டும் ஒரே முற்றம், ஒரே நேரம். இது மட்டும் எப்படி வந்துச்சு?" என்றான்.

"இவ நெழல்ல இருக்கா. முன்னால கருப்பா மலை மாதிரி கிடக்கே, இது என்ன?"

"வெயில்ல குவிச்ச பருத்தி அம்பாரம். பிலிம்ல கருப்பாத் தெரியுது, நெசத்துல வெள்ளை."

பாண்டியம்மாள் பிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, "நம்ம அடுப்பாங்கரைக்குச் சுண்ணாம்பு அடிச்ச அன்னைக்கு, விளக்கே இல்லாம வெளிச்சமா இருந்துச்சுல்ல? அதே மாதிரிதான். நீங்க எடுக்குறது பூரா உச்சி வெயில்ல. வெயிலு தலைக்கு மேல நின்னா கண்ணும் கன்னமும் நெழலாத்தான இருக்கும்? தங்கப்பொண்ணுக்கு மேல வெயில் இல்ல. கீழருந்து பருத்தி வெளிச்சம் அடிக்குது" என்றாள்.

பேச்சிமுத்துவுக்கு அது பிடிபட்டதும் பிடிபடாததுமாக இருந்தது. "நெசந்தானா?" என்றான்.

"ஒக்காந்து பாருங்க, தெரியும்."

அடுத்த லீவு நாளில் உச்சிப்பொழுதில் பின்வாசல் கூரை நிழலில் அவனை உட்கார வைத்தாள். வெளுத்து வந்த வேட்டியை அவனுக்கு முன்னால் வெயில் படுகிற தரையில் விரித்தாள். காமிராவைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"ஒனக்குத் தட்டத் தெரியுமா?"

"ஒங்க படம் பூராவும் நான்தான கழுவுறேன். எங்கெங்க தப்புப் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? மூச்சு விடாம இருங்க."

"மூச்சு விடக்கூடாதது தட்டுற ஆளு."

"ரெண்டு பேரும் விடாம இருப்போம்."

மறுநாள் மாடியில் வெயிலில் அந்தப் படம் கறுத்து வந்தபோது பேச்சிமுத்து பக்கத்திலேயே நின்றான். புருவத்தின் மேலிருந்த பழைய தழும்பும், இரண்டு நாள் சவரம் பண்ணாத தாடியும், கொஞ்சம் பயந்த கண்களும் வந்தன. அவன் ஓட்டும் பஸ்ஸில் பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடி ஒன்று உண்டு. அதில் தன் முகத்தை அவன் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறான்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"இப்படித்தான் இருக்கீங்க. தெனமும் பாக்குறவ நானு, எனக்குத் தெரியாதா?" என்றாள் பாண்டியம்மாள். அவள் குரலில் இருந்த பெருமை படத்துக்காகவா, அவனுக்காகவா என்று அவனுக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டான்.

பங்குனி முதல் வாரத்தில் அவள் பேரையூருக்கு வந்தாள். சுற்றவேண்டிய நூலை முந்தின நாளே முடித்துக் கொடுத்துவிட்டு, வெளுத்த வேட்டி ஒன்றை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. திருமங்கலம் தாண்டியதும், "அடுத்தாப்புல ரெட்டைப் பனை வரும் பாருங்க" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். வந்தது. "இந்த ஊரு முக்குல ஒரு மொட்டைக் கிணறு." அதுவும் வந்தது.

"எந்த ஊருத்தா நீ? அடிக்கடி வருவியோ?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"இன்னைக்குத்தான் முதல் தடவை வாரேன்."

அந்த அம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

கல்லுப்பட்டியில் பஸ் நின்றதும் வறுகடலைக் கூடையோடு ஒருத்தி ஓடி வந்தாள். பாண்டியம்மாள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "ராமக்காதான நீங்க? எனக்கு ஒரு படி கொடுங்க. கட்டைவிரலைப் படிக்குள்ள விடாம அளந்து கொடுங்க."

ராமக்காள் வெலவெலத்துப் போனாள். "ஆத்தி! இது ஆரு? ஒனக்கு ஆரு சொன்னா?"

"போட்டோவுல விழுந்திருக்கு."

பஸ்ஸே சிரித்தது. ராமக்காளும் சிரித்துவிட்டாள். விரலை வெளியே எடுத்து அளந்து, மேலே ஒரு கை கடலையும் போட்டுக் கொடுத்தாள். "அந்தப் போட்டோவ எம் புருஷன்கிட்டயும் காட்டுங்க டைவரே, என்னையவிட அவருதான் விரலை அமுக்குவாரு" என்றாள்.

பேரையூரில் ஒச்சாயி வாசலிலேயே நின்றாள். இரண்டு தரம் ஏமாந்தவள் என்பதால் அவளுக்கு நம்பிக்கை பாதிதான் இருந்தது. ஆனாலும் முற்றத்துப் பந்தலின் கீழ் இடத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து அவளுடைய சித்தப்பா பேயாண்டியும் வந்திருந்தார். செத்துப்போனவரின் கூடப்பிறந்த தம்பி அவர்.

"ஆம்பளைக எல்லாரும் வெளிய போங்க" என்றாள் ஒச்சாயி. "மதினி இருக்காக, போதும்."

பேச்சிமுத்து காமிராவைப் பாண்டியம்மாளிடம் கொடுத்தான். "எட்டடி தள்ளி நில்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, விருமாண்டியோடும் பேயாண்டியோடும் முற்றத்து ஓலைப் படலுக்கு வெளியே போய் நின்றான்.

தங்கப்பொண்ணு பருத்தியை மூட்டை மூட்டையாக அவிழ்த்து, பந்தலுக்கு வெளியே வெயிலில் குவித்தாள். மூன்று பெண்களும் சேர்ந்து அம்பாரத்தைப் பரப்பினார்கள். பந்தல் நிழலுக்குள் குபீரென்று வெளிச்சம் ஏறியது. அதை எதிர்பார்த்து வந்த பாண்டியம்மாளே அசந்துபோனாள். ஒச்சாயியின் காதுத் தண்டட்டிக்கு அடியில் இருந்த கழுத்து மடிப்புகூடத் தெரிந்தது. மடித்துக் கொண்டுவந்த வேட்டிக்கு வேலையே இல்லை.

தலைப்பாக் கட்டுவதில்தான் தகராறு வந்தது. பாண்டியம்மாளுக்குத் தெரிந்தது மதுரைக் கட்டு.

"சித்தப்பு!" என்று ஒச்சாயி உள்ளிருந்து கத்தினாள். "எங்கய்யா தலைப்பா எப்படிக் கட்டுவாரு?"

"தட்டையாக் கட்டுவாரு ஆத்தா!" வெளியிலிருந்து பதில் வந்தது. "வாலு வலது காதுக்குப் பின்னால தொங்கணும். கரை மேல வரணும்!"

தண்டட்டியைக் கழற்றி, முடியை உள்ளே செருகி, தட்டையாகக் கட்டி, வாலைத் தொங்கவிட்டார்கள். பழைய வெள்ளைத் துணி ஒன்றைத் தோளில் போர்த்திச் சேலையை மறைத்தார்கள். ஒச்சாயி அம்பாரத்துக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தங்கப்பொண்ணுவைப் பார்த்தாள். தங்கப்பொண்ணு வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. பாண்டியம்மாளும் காமிராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஓய்ந்த பிறகு பெட்டியைத் தூக்கினால், மறுபடியும் ஆரம்பித்துவிடும்.

"என்ன கூத்து அங்க?" என்று வெளியிலிருந்து பேச்சிமுத்து கேட்டான். "வெளிச்சம் போயிரும்!"

பாண்டியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்படியே போனால் ஆகாது என்று தோன்றியது. "பெரியவரே!" என்று படலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பருத்தி வந்து எறங்குனா ஒங்கண்ணன் என்ன செய்வாரு?"

படலுக்குக் கிட்டே காலடிச் சத்தம் கேட்டது.

"ஒரு கை அள்ளுவாரு," என்றார் பேயாண்டி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "அள்ளி மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாப்பாரு. ஈரம் இருக்கா, பூச்சி அடிச்சிருக்கா, எல்லாம் மோந்தே சொல்லிருவாரு. அப்ப ஆரு கூப்புட்டாலும் திரும்ப மாட்டாரு."

ஒச்சாயி இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் அப்படித்தான் செய்வாள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. கை தானாகப் போய் ஒரு பிடி பருத்தியை அள்ளியது. மூக்கருகே கொண்டுபோனாள். காட்டுக்காரி பருத்தியைப் பார்க்கிற பார்வை அவள் கண்ணில் வந்து உட்கார்ந்தது. நெற்றி லேசாகச் சுருங்கியது. சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

பாண்டியம்மாள் பெட்டியை வயிற்றோடு அணைத்து, மூச்சை நிறுத்தித் தட்டினாள்.

அந்தப் பிலிமைக் கழுவிய அன்று பேச்சிமுத்து கதவைவிட்டு நகரவில்லை. "வந்துருச்சா?" என்றான். "இன்னும் இல்ல." "இப்ப?" "மச்சான், நீங்க கேக்கக் கேக்க எனக்குக் கை ஆடுது." பிறகு உள்ளிருந்து வெகுநேரம் தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "அம்புட்டும் வந்திருச்சு" என்றாள், மெதுவாக.

அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஒச்சாயி படத்தை வாங்கினாள். பார்க்கவில்லை. "முதல்ல சித்தப்பு பாக்கட்டும். அவருக்குத்தான் தெரியும்" என்று பேயாண்டியிடம் நீட்டினாள்.

பேயாண்டி படத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார், மறுபடியும் தூரத்தில் பிடித்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மூத்தவர் முன்னால் நிற்கும்போது கட்டுகிற மாதிரி. அவர் அதை உணர்ந்து செய்ததாகத் தெரியவில்லை.

"எங்கண்ணன்தான்" என்றார்.

ஒச்சாயி அவர் தோளோரம் எட்டி நின்று பார்த்தாள். முதலில் ஒரு கண்ணால் பார்த்தாள், பிறகு நன்றாகப் பார்த்தாள். முற்றத்தில் கோழி கிளறும் சத்தம் கேட்டது.

"எங்கய்யாவுக்கு இம்புட்டு வயசா சித்தப்பு?"

"இம்புட்டு வயசு அவருக்கு வரவே இல்லையே ஆத்தா. முப்பதுலயே போயிட்டாரு. இருந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பாரு."

ஒச்சாயி தலையாட்டினாள். கண் நிறைந்து வந்தது. துடைக்காமலே இன்னும் உற்றுப் பார்த்தாள். "காது மட்டும் என்ன இம்புட்டுப் பெருசா இருக்கு?"

"காது ஒங்காத்தாளுது. அதுக்கு எங்கண்ணன் என்ன செய்வாரு?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பேயாண்டியும் சிரித்தார். படத்தைக் கீழே வைக்க மனமில்லாமல் அவளே கையில் வைத்துக்கொண்டு, அடுப்பங்கரைக்கும் முற்றத்துக்குமாக நடந்து எல்லாருக்கும் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் படத்தை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். இதை யாருக்கும் காட்டப்போவதில்லை என்றாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரிகள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாள்.

பாண்டியம்மாள் பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்துத் தங்கப்பொண்ணுவிடம் கொடுத்தாள். சருகு பொறுக்கும்போது எடுத்தது அது. தங்கப்பொண்ணு அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளிடம், "இது ஆரு, லட்சணமா இருக்கா?" என்று கேட்டாள். நீதான் என்று சொன்னபோது நம்பவில்லை. தாடை மருவைத் தொட்டுப் பார்த்தாள், படத்திலும் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகு அன்று முழுக்க அவள் நிமிர்ந்து நடந்தாள்.

வெயில் தாழ்ந்ததும் பஸ் கிளம்பியது. பருத்தி மூட்டைகள் மேலே ஏறியிருந்ததால் வண்டி கொஞ்சம் ஆடியது. கரிசல் காட்டின் மேல் மஞ்சள் வெயில் படுத்திருந்தது. பாண்டியம்மாள் முதல் சீட்டில், காமிராவை மடியில் வைத்து, அதன் சின்னக் கண்ணாடியில் ரோடு ஓடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"மச்சான், பருத்தி வெள்ளை, அதனால வெளிச்சத்தைத் திருப்பி அடிக்குது. தண்ணியும் அடிக்கும்ல?"

"அடிக்கும்னுதான் நினைக்கிறேன்."

"ஆனையூர் கண்மாயில தண்ணி கிடக்குதாம். ஞாயித்துக்கிழமை காலையில நடந்தே போயிரலாம். குளிக்கிற மாடுகளை எடுத்துப் பாப்போம்."

"மாடு நிக்காதே. ஆடினா கலங்கிரும்."

"நிக்கிற மாடா பாத்து எடுப்போம்."

"சரி. சுருள்ல எட்டுப் படம், ஆளுக்குப் பாதி. எனக்கு நாலு, ஒனக்கு நாலு."

"ஒங்களுக்கு மூணு போதும்" என்றாள் பாண்டியம்மாள். பேச்சிமுத்து ஹாரனை அழுத்தினான். ரோட்டின் நடுவில் நின்ற ஆட்டுக்கூட்டம் விலகி வழிவிட்டது.